கொறங்காட்டில் இரும்புச் சத்தம்

அத்தியாயம் 5

கிருபா கோணிப்பையைப் பிரித்தபோது காற்று நின்றது. ஆடி மாதத்தில், சென்னிமலைக்குத் தெற்கே, காற்று அப்படி நிற்பதில்லை. மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

பைக்குள் மெட்டல் டிடெக்டர் இருந்தது. நீளமான தண்டு. அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கறுப்பு வட்டம். மேலே கைப்பிடி, சின்னத் திரை.

"இதுதானுங்க மெஷின். போன செவ்வாக்கிழமை இந்த வேலியோரம் சாஞ்சு கிடந்துச்சு. எடுத்துப் பையில போட்டதோட சரி. பொறவு தொடவே இல்லீங்க."

"தொடாமயே பையில போட்டுட்டீங்களா?" என்றான் ஆறுச்சாமி.

கிருபா சிரிக்கவில்லை. சாஜிதா பேகமும் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காதது ஆறுச்சாமிக்குப் பழகிவிட்டது. பதினாறு வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் அவன். படிக்கட்டில் தொங்குகிறவனையும் சிரிக்க வைத்துத்தான் உள்ளே இழுப்பான். உக்கடத்தில், பேக்கரி மாடியில் இருக்கும் துப்பறியும் அலுவலகத்தில் சாஜிதா பேகத்திடம் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது. நான்கு வருஷத்தில் இரண்டு முறை சிரித்திருக்கிறார். ஒரு முறை அது இருமலாகவும் இருக்கலாம்.

கிருபா அந்த மாடிப்படி ஏறி வந்தது முந்தாநாள். தமிழ்வேந்தன் என்ற நண்பனைக் காணவில்லை என்றான். பெருந்துறையில் ஒரே கம்பெனியில் இருவருக்கும் ஒன்பது வருஷ வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மெஷினை எடுத்துக்கொண்டு காடு காடாகப் போவார்கள். பழைய காசு தேடுவார்கள். மூன்று வருஷத்தில் நாற்பத்தொரு செப்புக் காசு, ஒரே ஒரு வெள்ளி. போன வாரத்து ஞாயிறு தனக்குக் காய்ச்சல், தமிழ் மட்டும் இந்தக் கொறங்காட்டுக்கு வந்தான், திரும்பவில்லை என்று சொன்னான். தமிழுக்கு அப்பா அம்மா இல்லை, கூடப் பிறந்தவர் இல்லை. "நான் தேடலீன்னா தேடறதுக்கு ஆளே இல்லீங்க" என்றபோது கிருபாவின் கண் கலங்கியது. ஆறுச்சாமிக்கும் கலங்கியது.

இன்று ஒன்பதாம் நாள்.

"போலீஸுக்கு ஏன் போகல?" என்று சாஜிதா அன்றைக்கே கேட்டிருந்தார்.

"மெஷின் வெச்சுத் தோண்டினீங்களான்னு எங்க மேலயே கேஸ் போட்டுருவாங்கன்னு பயமுங்க. கிடைக்கறத அரசாங்கத்துல ஒப்படைக்கோணுமாம்."

"ஒப்படைச்சீங்களா?"

"செப்புக் காசுதானுங்களே."

இப்போது அவர் கொறங்காட்டைச் சுற்றிப் பார்த்தார். ஆறேழு ஏக்கர் மேய்ச்சல் நிலம். நாலு புறமும் கிளுவை வேலி. நடுவில் வெள்வேல மரங்கள். முழங்கால் வரைக்கும் காய்ந்த கொழுக்கட்டைப் புல். கிழக்கு மூலையில் ஒரு ஓட்டு வீடு, மேற்கே ஒரு பாழுங்கிணறு.

"எப்படித் தேடுவீங்க? சித்த செஞ்சு காட்டுங்க."

கிருபா தண்டின் மேல்முனையில் முழங்கையைப் பொருத்தினான். நேராக நின்றான். கை இயல்பாகத் தொங்கியது. கறுப்பு வட்டம் புல் நுனிக்கு இரண்டு விரல் மேலே நின்றது.

"டெய்லர்கிட்ட அளவு கொடுத்துத் தெச்ச மாதிரி இருக்குது" என்றான் ஆறுச்சாமி.

சாஜிதா அவனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து, கிருபா கொடுத்திருந்த புகைப்படத்தை எடுத்துப் பார்த்தார். மலையில் ஒரே படியில் நிற்கும் இரண்டு நண்பர்கள். தமிழ்வேந்தன் கிருபாவின் தலைமேல் மோவாயை ஊன்றிக்கொண்டு சிரித்தான். படத்தை உள்ளே வைத்தார்.

"மெஷினை ஆன் பண்ணுங்க."

கிருபா பொத்தானை அமுக்கினான். ஓரடி வைத்தான். மெஷின் உறுமியது. இன்னோர் அடி. மறுபடியும் உறுமியது. அடிக்கு ஒரு உறுமல். பக்கத்தில் நின்ற கன்று துள்ளி ஓடியது.

"என்ன, காடு பூராம் புதையலா?" என்றான் ஆறுச்சாமி.

"இரும்புங்க." கிருபா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "லாட ஆணி. நூறு வருஷமா வண்டி மாடு மேஞ்ச காடுங்கள்ல. நாங்க எப்பவும் இரும்புச் சத்தத்தை அடைச்சுப் போடுவோம். செம்பு, வெள்ளி, தங்கம் மட்டுந்தான் கேக்கும்."

"இப்ப அடைக்கல."

"ஆமாங்க. தமிழு திறந்து வெச்சிருப்பானாட்ட இருக்குது."

"ஆஃப் பண்ணினா செட்டிங் மாறிருமா?"

"மாறாதுங்க. கடைசியா எப்படி வெச்சோமோ அப்படியே நிக்கும்."

"அப்ப இதைக் கடைசியாப் பிடிச்சவரு காசு தேடல. இரும்பு தேடியிருக்காரு."

காற்று திரும்ப எழுந்தது. புல் மொத்தமும் ஒரே பக்கமாகச் சாய்ந்தது.

ஒரு உறுமலைத் தோண்டிக் காட்டச் சொன்னார் சாஜிதா. கிருபா இடுப்பிலிருந்து களைக்கொத்தை உருவினான். நாலு கொத்து. துருப்பிடித்த லாட ஆணி ஒன்று வெளியே வந்தது. சாஜிதா ஆணியைப் பார்க்கவில்லை. கொத்தை வாங்கிப் பார்த்தார். மரப்பிடி உள்ளங்கை பட்டுப் பட்டுக் கருத்து மினுங்கியது. இரும்பு அலகில் உலைக்களத்துக் கரி இன்னும் போகவில்லை.

"அலகு புதுசா?"

"பழசு தேஞ்சு போச்சுங்க."

"எங்க ஊட்டு வெளக்குமாறும் இப்படித்தானுங்க" என்றான் ஆறுச்சாமி. "பிடி பழசு, குச்சி புதுசு. எனக்கு விழற அடி மட்டும் மாறுறதே இல்ல."

சாஜிதா கொத்தைத் திருப்பிக் கொடுத்தார். மேற்கே நடந்தார். ஆறுச்சாமி பின்னால் போனான். கிருபா இருபது அடி தள்ளி நின்றுகொண்டான்.

"அந்தக் கெணத்துல ஒண்ணுமில்லீங்க" என்றான்.

பாதி தூர்ந்த கிணறு. இருபதடி ஆழம் இருக்கும். அடியில் வெட்டிப் போட்ட கிளுவைக் கிளைகள் மெத்தை போலக் கிடந்தன. நடுவில் மட்டும் நசுங்கியிருந்தன. விளிம்புக் கல்லில் கயிறு உராய்ந்த தடம் வெள்ளையாகத் தெரிந்தது. அதன் முன்னால் புழுதியில் குளம்புத் தடங்கள், ஜோடியாக, கிணற்றை விட்டு விலகிப் போயின.

சாஜிதா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். ஓட்டு வீட்டைப் பார்த்தார்.

ஓட்டு வீட்டு வாசலுக்குப் போனார்கள். கொறங்காட்டுக்காரி பழனியாத்தாள் வெளியே வந்தாள். ஐம்பது வயதிருக்கும். மாடு பிடித்துக் காய்த்த கைகள். தன் பின்னால் கதவைச் சாத்திவிட்டு நின்றாள்.

"வாங்க அம்மணி" என்றாள் சாஜிதாவிடம். "வாங்க தம்பி" என்றாள் ஆறுச்சாமியிடம்.

அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

ஆறுச்சாமி காத்திருந்தான். இந்தப் பக்கத்தில் வாசலுக்கு வந்தவர் சண்டைக்காரராக இருந்தாலும் முதலில் 'வாங்க'. சண்டை அதற்கப்புறம்தான். கிருபாவுக்கு அந்த 'வாங்க' வரவே இல்லை. இரண்டு சொம்பில் தண்ணீர் வந்தது. மூன்றாவது சொம்பு வரவில்லை.

"போன வாரம் ஞாயித்துக்கிழமை இங்க யாராவது வந்தாங்களாங்க?" என்றார் சாஜிதா.

"எனக்கு மாட்டுச் சோலியே செரியா இருக்குதுங்க. ஆரையும் பாக்கல."

வாசல் ஓரத்தில் ஒரு செவலை நாய் தட்டை நக்கிக்கொண்டிருந்தது. அதன் மூக்கு, மோவாய் எல்லாம் மஞ்சள். தட்டில் உடையாத மஞ்சள் கரு இன்னும் மூன்று கிடந்தன. பக்கத்தில் நாட்டுக்கோழி முட்டை ஓடுகள்.

ஆறுச்சாமிக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

"ஏனுங்க்கா, எங்க ஊட்ல எனக்கே வாரத்துக்கு ஒரு முட்டைதான். இங்க நாய்க்கு மஞ்சக்கரு மட்டும் பொறுக்கிப் போடறீங்க. அப்ப வெள்ளக்கருவெல்லாம் ஆரு..."

"ஆறுச்சாமி!"

அவன் வாய் மூடிக்கொண்டது. நான்கு வருஷத்தில் அந்தக் குரலை அவன் கேட்டதில்லை.

"வண்டியில என் நோட்டு கெடக்குது. போய் எடுத்துட்டு வா. இப்பவே."

அவன் ஓடினான். ஓடும்போது திரும்பிப் பார்த்தான். கிருபா நாயின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தான். சாஜிதா ஓரடி நகர்ந்தார். நாய்க்கும் கிருபாவுக்கும் நடுவில் அவருடைய கறுப்பு புர்கா காற்றில் விரிந்து நின்றது.

நோட்டோடு அவன் திரும்பி வந்தபோது அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"நல்ல சேதி கிருபா. உங்க சிநேகிதர் உயிரோட இருக்காரு. அக்காவுக்கு இப்பத்தான் ஞாபகம் வருது. கால் தாங்கித் தாங்கி ஒருத்தர் ரோட்டுக்குப் போனாராம். மேட்டுப்பாளையம் பஸ் எங்க நிக்கும்னு கேட்டாராம்."

பழனியாத்தாள் அவரைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"ஆமாங்க" என்றாள் மெதுவாக. "உயரமான பையன். மேட்டுப்பாளையம்னுதான் சொன்னானுங்க."

ஆறுச்சாமி கிருபாவின் முகத்தைப் பார்த்தான். ஒன்பது நாளாகக் காணாத நண்பன் உயிரோடு இருக்கிறான். அந்த முகத்தில் நிம்மதி வர வேண்டும். வரவில்லை. அது கணக்குப் போடும் முகம்.

"கையில ஏதாச்சும் வெச்சிருந்தானுங்களா?" என்றான் கிருபா.

பழனியாத்தாள் குனிந்து சொம்புகளை எடுத்துக்கொண்டாள்.

"அதை அவர்கிட்டயே கேட்டுக்கலாம்" என்றார் சாஜிதா. நோட்டைத் திறந்து நின்றபடியே எழுத ஆரம்பித்தார். "மேட்டுப்பாளையத்துல லாட்ஜ் லாட்ஜா ஏறி இறங்கோணும். சும்மா கேட்டா ரெஜிஸ்டரைக் காட்ட மாட்டாங்க. ஆளைக் காணோம்னு போலீஸ்ல மனு கொடுத்த ரசீது இருந்தா காட்டுவாங்க. போற வழியில ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துட்டு நேரா போயிரலாம்."

"மெஷின் விஷயம்..."

"அதை நான் பேசிக்கறேன். ஞாயித்துக்கிழமை காய்ச்சல்ல ஊட்டுல படுத்திருந்தேன், இங்க வரலேன்னு உங்க கைப்பட எழுதுங்க. அது போதும்."

கிருபா யோசித்தான். தலையாட்டினான்.

சாஜிதா எழுதிய தாளைக் கிழித்து, நாலாக மடித்து ஆறுச்சாமியிடம் நீட்டினார்.

"நீ இங்கயே இரு. அக்காகிட்ட கேக்க வேண்டியதெல்லாம் இதுல இருக்கு. நாங்க போனப்பறம் பிரி. வண்டிச் சாவியைக் கொடு."

"நான் ஓட்டாம நீங்களா? கியர் கோவிச்சுக்குமுங்க மேடம்."

"கொடு."

கொடுத்தான். கிருபா ஆம்னியின் முன்சீட்டில் ஏறினான். களைக்கொத்து அவன் மடியில் இருந்தது.

"அதைப் பின்னாடி போட்டுருங்க. சீட்டு கிழிஞ்சிரும்" என்றார் சாஜிதா.

கிருபா சிறிது நேரம் அவரைப் பார்த்தான். பிறகு கொத்தைப் பின்சீட்டில் போட்டான். வண்டி ஒரு குலுங்கு குலுங்கிக் கிளம்பியது. கிளுவை வேலியின் வாசலைத் தாண்டியது. புழுதி மறைத்தது.

ஆறுச்சாமி தாளைப் பிரித்தான்.

*தண்டின் நீளம் கிருபாவுக்குச் சரியாக இருக்கிறது. தமிழ்வேந்தன் ஒரு தலை உயரம் கூடுதல். கடைசியாக மெஷினைப் பிடித்தவன் கிருபா. ஞாயிறன்று இங்கே இருந்திருக்கிறான்.*

*அவன் தேடிய இரும்பு கொத்தின் அலகு. அடித்தபோது கழன்று புல்லில் விழுந்திருக்கும். கிடைக்கவில்லை. புதிதாகப் போட்டுக்கொண்டான்.*

*கிணற்றிலிருந்து மாடு பூட்டி ஆளை இழுத்திருக்கிறார்கள். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் எலும்பு முறிவுக்குப் போடும் கட்டு. ஆள் உயிரோடு இந்த வீட்டுக்குள் இருக்கிறான்.*

*பிணத்தைக் கிணற்றில் காணோம் என்றுதான் நம்மிடம் வந்திருக்கிறான். நாம் தேடிக் கொடுத்தால் மிச்சத்தை முடிப்பான்.*

*ஃபோனை எடுக்கிற தூரத்தில் வைத்துக்கொள்.*

ஆறுச்சாமி வாசற்படியில் உட்கார்ந்தான். நாய் வந்து அவன் கையை முகர்ந்தது. தான் பாதியில் விட்ட வாக்கியத்தை மனசுக்குள் முடித்துப் பார்த்தான். அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. வண்டியில் மேடம் தனியாக இருக்கிறார். ஸ்டேஷன் பன்னிரண்டு கிலோமீட்டர்.

"எந்திரிங்க தம்பி" என்றாள் பழனியாத்தாள். கதவைத் திறந்தாள்.

உள்ளே கயிற்றுக் கட்டில். அதில் உயரமான இளைஞன். தலையில் துணிக்கட்டு. வலது காலில் மூங்கில் பத்தைகள், அவற்றின் மேல் காய்ந்து விறைத்த துணி. எல்லாவற்றையும் கேட்டிருந்தான் என்பது கண்ணில் தெரிந்தது.

"போயிட்டானுங்களா?"

"போயிட்டான். எங்க மேடத்தோட."

தமிழ்வேந்தன் கண்ணை மூடிக்கொண்டான்.

"திங்கக்கெழம காத்தால கன்னுக்குட்டி ஒண்ணு கெணத்தையே பாத்துக் கத்திக்கிட்டு நின்னுச்சு" என்றாள் பழனியாத்தாள். "எட்டிப் பாத்தா இவன். வடத்தக் கட்டி, காளைங்களப் பூட்டி இழுத்துப்போட்டேன். அன்னிக்கே வைத்தியரு வந்து கட்டுப் போட்டாரு. இன்னிக்குக் காத்தாலதான் மாத்திக் கட்டிட்டுப் போனாரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம் கண்ணுன்னு தெனமும் சொல்றேன். மாட்டேங்கறான்."

"ஆஸ்பத்திரின்னா போலீஸ் வரும். ஆரு அடிச்சதுன்னு கேப்பாங்க" என்றான் தமிழ்வேந்தன்.

"சொல்ல வேண்டியதுதானே" என்றான் ஆறுச்சாமி.

"ஒம்பது வருஷமுங்க. எனக்கு டைஃபாய்டு வந்தப்ப பதினெட்டு நாள் அவந்தான் கஞ்சி ஊத்தினான்."

ஓட்டின் மேல் காற்று உரசிக்கொண்டு போனது. ஆறுச்சாமி நகைச்சுவையாக ஏதாவது சொல்லத் தேடினான். ஒன்றும் கிடைக்கவில்லை.

"அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

"தங்கத்துக்கு ஒரு சத்தம் இருக்குதுங்க. மூணு வருஷமா ஒரு தடவகூட வந்ததில்ல. அன்னிக்கு வந்துச்சு. ஹெட்போன் அவங்கிட்ட. தோண்டினது நான். எங்களுக்குள்ள ஒரு பேச்சு உண்டு. எது கிடைச்சாலும் குழிக்குள்ளயே வெச்சு ரெண்டு பேரும் பாக்கோணும், அப்புறந்தான் வெளிய எடுக்கோணும். நான் மட்டும் எடுத்துப் பார்த்தேன். கைய மூடிட்டேன். இது எனக்கு மட்டும்னு சொல்லிப்போட்டு ஓடினேன். சிரிச்சுக்கிட்டேதான் ஓடினேன். கெணத்து மேட்டுல பின்மண்டையில அடி விழுந்துச்சு, அப்படியே உள்ள சாஞ்சுட்டேன். பொறவு கெணத்துக்குள்ளதான் கண்ணு முழிச்சேன்."

"கையில என்ன இருந்துச்சு?"

ஃபோன் அடித்தது.

"மேடம்!" ஆறுச்சாமி கத்தினான். "நல்லா இருக்கீங்களா?"

"ஸ்டேஷன்ல இருக்கேன்." சாஜிதாவின் குரல் எப்போதும் போல இருந்தது. "எழுதிக் கொடுத்துட்டாரு. கையெழுத்தும் போட்டாச்சு. நான் வராந்தாவுல நின்னு பேசறேன், அவரு உள்ள இன்ஸ்பெக்டருக்கு எதிர்ல உட்கார்ந்து டீ குடிக்கறாரு. இன்ஸ்பெக்டர் கிட்ட எல்லாம் சொல்லிட்டேன். ஆனா தண்டு நீளம், முட்டை ஓடுன்னு சொன்னா ஆளைப் பிடிச்சு வைக்க முடியாதுங்கறாரு. அடிபட்டவர் வாயால ஒரு வார்த்தை வேணும். இல்லைன்னா டீ முடிஞ்சதும் எந்திரிச்சு வெளிய வந்துருவாரு. வெளிய வந்தா எங்க வருவாருன்னு உனக்கே தெரியும். ஃபோனை அந்தத் தம்பிகிட்டக் கொடு, நான் உள்ள கொண்டுபோய் ஸ்பீக்கர்ல வெக்கறேன்."

ஆறுச்சாமி ஃபோனை நீட்டினான். தமிழ்வேந்தன் வாங்கவில்லை.

"நான் சொன்னா எத்தனை வருஷமுங்க அவனுக்கு?"

"சொல்லலீன்னா உங்களுக்கு எத்தனை நாள்னு பாருங்க."

தமிழ்வேந்தன் சுவரைப் பார்த்தான். பழனியாத்தாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவன் காலை அழுத்தாமல் கட்டின் மேல் கை வைத்தாள்.

"உன்னையத் தூக்கினப்ப அந்தக் கை மூடியேதான் இருந்துச்சு கண்ணு" என்றாள். "விரல ஒண்ணொண்ணாப் பிரிச்சது நானு. சொல்லிப்போடு."

அவன் ஃபோனை வாங்கினான். ஆறுச்சாமி ஸ்பீக்கரை அமுக்கினான். அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் கேட்டது. யாரோ கனைத்தார்கள்.

"ஐயா. நான் தமிழ்வேந்தன் பேசறனுங்க. உசுரோட இருக்கறேன். என்னைய அடிச்சது கிருபா."

மின்விசிறி மட்டும் சுற்றியது. நாற்காலி ஒன்று பின்னால் இழுபட்டது. "உக்காருய்யா!" என்று ஒரு அதட்டல். டம்ளர் ஒன்று தரையில் விழுந்து உருண்டது. அப்புறம் ஃபோனுக்கு மிக அருகில் அந்தக் குரல். அழுகைக்கும் மூச்சிரைப்புக்கும் நடுவில் இருந்தது.

"தமிழு... உங் கையில என்னடா இருந்துச்சு?"

தமிழ்வேந்தன் ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"மாட்டுக்கு ஊசி போடற மருந்துப் பாட்டிலோட அலுமினிய மூடிடா" என்றான். "மெஷினுக்கு அதுவும் தங்கச் சத்தந்தான். வேற ஒண்ணுமில்ல."